தளிருக்கு ஒரு கணக்கு, புழுவுக்கு ஒரு கணக்கு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாமார்களே, ஐயாமார்களே, நாற்காலி இருந்தும் பின்னால் நின்றுகொண்டே கேட்பது என்று முடிவெடுத்துவிட்ட தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘இயற்கையும் பருவமும்’ என்று பெரிதாக அச்சிட்டுவிட்டார்கள். நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு மரம், அதன் தளிரைத் தின்னும் ஒரு புழு, அந்தப் புழுவைத் தின்னும் ஒரு குருவி. மூன்றும் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருப்பவை. சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நெதர்லாந்துக் குருவியைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்பீர்கள். பால்மரத்தடியில், அதாவது ரப்பர் மரத்தடியில், காலமெல்லாம் நின்றவர்களுக்கு இது பாதி தெரிந்த கதை என்பதால்தான் இங்கே வந்து சொல்கிறேன்.

அந்த மரம் ஓக். குளிர்காலத்தில் மொட்டையாக நின்று, ஏப்ரல் வாக்கில் மொட்டு வெடித்துத் தளிர் விடும். புழு, ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. பனி கொட்டும் நவம்பர், டிசம்பர் இரவுகளில் நடமாடுவதால் அதற்குக் குளிர்கால அந்து என்றே பெயர். அதன் பெண்ணுக்குப் பறக்கும்படியான சிறகு கிடையாது. வயிறு மட்டும் உப்பிய, சிலந்தியைப் போல் தோன்றும் ஒரு ஜீவன். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து வெளியே வந்ததும், இருட்டில் ஓக் மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை நடந்தே ஏறுகிறது. வழியில் ஆண் பூச்சி வந்து சேரும். மேலே போய்ப் பட்டை இடுக்குகளில் முட்டைகளை வைத்துவிட்டு அதன் ஆயுள் முடிந்துவிடும். முட்டைகள் பனியிலும் காற்றிலும் மாதக்கணக்கில் மரத்திலேயே கிடக்கின்றன.

இங்கேதான் சிக்கல். முட்டை எந்த நாளில் பொரிய வேண்டும்? மொட்டு வெடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பொரிந்தால், நூல் தடிமன்கூட இல்லாத அந்தப் புழுவுக்குத் தின்ன ஒன்றுமில்லை; சில நாள் பட்டினிக்கு மேல் அது தாங்காது. சரி, பத்து நாள் பிந்திப் பொரியலாமே என்றால், அதற்குள் இலை முற்றிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் ஆராய்ச்சி செய்த பால் ஃபீனி 1970இல் இதைத் தெளிவாக எழுதினார். நாள் ஆக ஆக ஓக் இலை தடிக்கிறது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதில் ஏறுகிறது, முற்றிய இலையைத் தின்ற புழு சரியாக வளர்வதில்லை. ஆக, புழுவுக்குக் கிடைத்திருப்பது மென்தளிர்க் காலமான சில வாரங்கள்தான். அதற்குள் தின்று கொழுத்து, நூல் விட்டு இறங்கி, மண்ணுக்குள் போய்விட வேண்டும். முதுகை வளைத்து வளைத்து நடக்கும் பச்சைக் காவடிப்புழு அது. பருவம் உச்சத்தில் இருக்கும்போது காட்டுக்குள் நின்றால், இலை மீது மழைத்தூறல் விழுவதைப் போலச் சத்தம் கேட்குமாம். அவ்வளவும் புழுவின் எச்சம் விழும் ஓசை. குழந்தைகள் சிரிக்கலாம், பரவாயில்லை.

அடுத்து குருவி. நம் தமிழ்ப் பறவை நூல்களில் பட்டாணிக்குருவி என்று வருகிறதே, அதன் ஐரோப்பிய உறவு. இந்த இனத்தின் நெருங்கிய சொந்தம் நம் கோல சிலாங்கூர் அலையாத்திக் காட்டிலும் உண்டு. ஐரோப்பியக் குருவி ஒரே கூட்டில் எட்டு, ஒன்பது முட்டை இடும், நாளுக்கு ஒன்றாக. கடைசி முட்டையை ஒட்டி அடைகாக்கத் தொடங்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் குஞ்சு வரும். குஞ்சுகளுக்கு அகோரப் பசி எடுப்பது பொரித்து ஒன்பது, பத்து நாள் ஆன பிறகு. அப்போது தாயும் தகப்பனும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நூற்றுக்கணக்கான தடவை புழுவோடு வந்து போகின்றன. இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் முட்டை இட்ட நாளிலிருந்து பசி உச்சத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அதாவது, மரம் இன்னும் மொட்டையாக நிற்கும்போதே, ஒரு புழுகூடக் கண்ணில் படாதபோதே, அந்தக் குருவி நாள் குறித்துவிட வேண்டும்.

கல்யாண வீட்டில் முகூர்த்தம் ஒரு நாள், பந்தி இன்னொரு நாள், சொந்தக்காரர்கள் வந்து சேர்வது மூன்றாவது நாள் என்று வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது.

ஏன் என்றால், மூன்றும் ஒரே கணக்கைப் பார்ப்பதில்லை. மரம், குளிர்கால உறக்கம் போதுமா, அதன்பின் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. முட்டையும் வெப்பத்தைத்தான் பார்க்கிறது; ஆனால் அதன் சூத்திரம் வேறு. குருவி பகலின் நீளத்தையும் முன்வசந்தத்தின் கதகதப்பையும் வைத்து ஒரு மாதம் கழித்து நடக்கப்போவதை ஊகிக்கிறது. பழைய வானிலையில் இந்த மூன்று கணக்கும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தந்தன. பூமி சூடேறியதும் அந்த ஒற்றுமை குலைந்துவிட்டது. வெப்பம் புழுவைச் சுட்டுக் கொல்லவில்லை, குருவியையும் கொல்லவில்லை. ஆளுக்கொரு வேகத்தில் நாள் மாறியதுதான் வில்லங்கம்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1988 முதல் 2005 வரை, புழு உச்சமாகப் பெருகும் தேதி ஆண்டுக்கு முக்கால் நாள் வீதம் முன்னால் நகர்ந்தது. பதினேழு ஆண்டில் ஏறக்குறைய பதின்மூன்று நாள். குருவிகள் குஞ்சு பொரிக்கும் தேதியும் நகர்ந்தது, ஆனால் அதில் பாதி அளவு, அல்லது சற்றே கூடுதல். அந்தக் குருவிகளைப் பிடித்துத் தின்னும் ஒரு வல்லூறு இனம் இருக்கிறது. அதன் தேதி அசையவே இல்லை. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகத் தாமதம்.

அப்படியானால் குருவி இனமே அழிந்திருக்குமே என்று நினைப்பீர்கள். மேடையில் பேசுகிறவனுக்கு அப்படிச் சொன்னால்தான் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் வைத்தம் காட்டில் 1947 முதல் இதே இனத்தைக் கூடு கூடாகக் கவனித்து வருகிறார்கள். அங்குள்ள குருவிகள் 1961க்குப் பிறகான அரை நூற்றாண்டில் முட்டையிடும் தேதியை ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் தள்ளிப் புழுவோடு ஒட்டியே வந்துவிட்டன. நெதர்லாந்தின் ஹோகே வேலுவே காட்டில் அவ்வளவு ஒட்ட முடியவில்லை, குஞ்சுகள் குறைந்தன. இருந்தும் குருவிகளின் மொத்த எண்ணிக்கை சரியவில்லை. குஞ்சு குறைந்ததால் குளிர்காலத்தில் போட்டியும் குறைந்தது, பிழைத்த குஞ்சுகளில் அதிகமானவை அடுத்த ஆண்டைக் கண்டன. இயற்கை எப்போதும் நாம் எழுதும் சோக வசனத்தைப் பேசுவதில்லை.

அடி வாங்கியது வேறொருவர். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நெதர்லாந்துக்கு வந்து கூடு கட்டும் ஓர் ஈப்பிடிப்பான். ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு ஐரோப்பாவில் ஓக் எப்போது துளிர்க்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பகல் நீளத்தை ஒட்டி வழக்கமான நாளில் கிளம்புகிறது. வந்து சேர்ந்ததும் அவசர அவசரமாகக் கூடு கட்டி முட்டையிட்டாலும், அதற்கு மேல் முன்னால் போக வழியில்லை. புழு எங்கே மிக முன்னதாக முடிந்துவிடுகிறதோ, அந்தக் காடுகளில் இரண்டு பத்தாண்டுக்குள் இந்தப் பறவை பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. 2006இல் வெளியான ஆய்வு அது.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட விருந்தாளிகள் உண்டு. பெந்தோங் போன்ற பட்டணங்களில் மாலையானால் மின்கம்பிகளில் வரிசை வரிசையாகத் தகைவிலான்கள் வந்து உட்காரும். கார் கூரையில் எச்சம் விழுவதால் திட்டுவோரும் உண்டு. வடக்கே கூடு கட்டும் பறவைகள் அவை. இங்கே கம்பியில் உட்கார்ந்துகொண்டுதான் அங்கு திரும்பும் நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

அவை இங்கே பார்க்கும் பகல் எவ்வளவு வேறுபடும் தெரியுமா? ஆம்ஸ்டர்டாமில் கோடையின் நீளமான பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். சுங்கை சிப்புட்டில் அரை மணி நேரத்தை ஒட்டித்தான். பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே இருட்டுதான். ஆனாலும் நம் பால்மரத்துக்கு மாதம் தெரிகிறது! ஜனவரி, பிப்ரவரியில் இலை சிவந்து, மஞ்சளித்து, கொட்டுகிறது. கெடா, பெர்லிஸ் பக்கம் மொத்த மரமும் மொட்டையாகும். ஜொகூர் பக்கம் போனால் அவ்வளவு தெளிவாக இராது. பிறகு தளிர். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முதலில் செம்பு நிறத்தில், ஈரத்துணி தொங்குவதுபோல் துவண்டு தொங்கும். பிறகு வெளிர் பச்சை. அப்புறம்தான் விறைத்துக் கரும்பச்சையாகும். இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில், சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். தளிர்க் காலத்தில் அவற்றில் இனிப்பு நீர் ஊறும். தேனீ பூவை விட்டுவிட்டு அந்த இலைக்கு வருவது அதற்காகத்தான். கேரளத்து ரப்பர்த் தேன் பெரும்பாலும் இப்படி இலையில் எடுத்த தேன்.

பால்மரம் எதைப் பார்த்து நாள் குறிக்கிறது? பகல் நீளம் இங்கே உதவாது. மலேசிய ரப்பர் ஆய்வாளர் ஒருவர் 2007இல், வெயிலின் வலுதான் பூக்கும் காலத்தைச் சொல்கிறது என்று வாதிட்டார். நிலநடுக்கோட்டருகே சூரியன் உச்சந்தலைக்கு மேல் வரும் காலம் ஆண்டுக்கு இரண்டு முறை. பால்மரமும் இரண்டு முறை பூக்கிறது, பெரிய பூப்பு முதலாவது. அந்தப் பூவின் காய்தான் ஜூலைக்கு மேல் ‘டப்’ என்று வெடித்துக் கொட்டையைத் தூர எறிகிறது.

தளிருக்கும் எதிரி உண்டு. பால்மரம் அமேசான் காட்டு மரம். இங்கு 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் நிற்பதாகக் காட்டுகிறார்கள், போய்ப் பாருங்கள், பக்கம்தான். கடல் தாண்டி வரும்போது மரம் தன் தாயகத்து எதிரிகளை விட்டுவிட்டு வந்தது. தளிரை மொட்டையடிக்கும் கொம்புப் புழுவும் அதில் ஒன்று. அதைவிடக் கொடியது, மென்தளிரை மட்டுமே தாக்கும் ஒரு பூஞ்சாளக் கருகல். ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் தொடங்கிய ஃபோர்டுலாந்தியா தோட்டம் பாழானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பிரேசிலிலேயே, இலைமாற்றம் நன்றாகக் காய்ந்த மாதங்களில் நடக்கும் வட்டாரங்களில் அதே மரம் தப்பிக்கிறது. பூஞ்சாளத்துக்கு இலையில் ஈரம் வேண்டும். மழை வருவதற்குள் தளிர் முற்றிவிட்டால் அதற்கு வேலையில்லை. ஓக்கில் புழு முந்தினால் பட்டினி. இங்கே மழை பிந்தினால் மரத்துக்கு லாபம். நம் ஊர்த் தோட்டங்களிலும் தளிர்க் காலத்தில் மழை தூறினால் இலையில் வெண்மாவு பூத்து, தளிர் மறுபடி கொட்டியதைப் பார்த்திருப்பீர்கள். இலை கொட்டினால் பால் குறையும்; அதனால் சம்பளம் இரண்டாம் முறையும் குறைந்ததையும் பார்த்திருப்பீர்கள்.

இன்று சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதற்கு மொட்டை நிற்கும் மாதமே கிடையாது. அதன் மட்டையைத் தின்னும் பைப்புழுவுக்கு ஆண்டெல்லாம் சாப்பாடு. அதன் பெண்ணும் சிறகில்லாதது. தான் கட்டிய பையை விட்டு வெளியே வராமலேயே முட்டையிட்டு மடிகிறது. நாள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத புழுவைக் கட்டிப்போடுவது யார்? அதன் உடலில் முட்டையிடும் குளவிகள். 1960களின் தொடக்கத்தில் நீண்ட நாள் நஞ்சு தங்கும் பூச்சிமருந்தை அடித்ததில் குளவிகள் செத்து, பைப்புழு பெருகித் தோட்டங்கள் பழுப்பேறின. இப்போது தோட்டப் பாதையோரம் காலை எட்டு மணி வாக்கில் விரியும் வெளிர்மஞ்சள் பூச்செடி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல, குளவிக்குத் தேன்.

கடைசியாக ஒன்று கேட்டு முடிக்கிறேன். ஹோகே வேலுவேயில் 1955இல் கூட்டுப்பெட்டி வைத்து எண்ணத் தொடங்கியவர்கள் பூமி சூடேறுவதை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. கியோட்டோவில் செர்ரி பூத்த தேதிகளை 9ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதி வைத்தவர்கள் விருந்துக்காக எழுதினார்கள். நம் தோட்டங்களில் எந்த மாதம் பால் இறங்கும் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு லயம் தெரிந்தது. கிராணி தினமும் எடை எழுதினார். தோட்டம் கைமாறியபோது அந்தப் பேரேடுகள் பல எங்கே போயின என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் வீட்டில் பழைய செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், பள்ளிக்குக் கொடுங்கள். வரும் ஜனவரியிலிருந்து மாணவர்களும் எழுதலாம். வாரம் ஒரு முறை, தேதி, மரத்தில் இலை எவ்வளவு, தளிர் என்ன நிறம், மழை பெய்ததா, அவ்வளவு போதும்.

(உரைக்குப் பின் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “ஐயா, ஒரே நிரையில் ஒரு மரம் மொட்டையாக நிற்கும், அடுத்த மரம் பச்சையாக நிற்குமே, எதைப் பார்த்து எழுதுவது?”)

அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகம் கொட்டும் நாளில் பக்கத்து ரகம் கொட்ட வேண்டுமென்பதில்லை; விதைக்கன்று மரங்களில் மரத்துக்கு மரம் வேறுபடும். அதனால் பத்து மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரகம் தெரிந்தால் எழுதுங்கள். அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே பத்து மரம்; ஒன்று விழுந்துவிட்டால் விழுந்தது என்று எழுதுங்கள், அதன் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்க வேண்டாம். பெயிண்டை நான் வாங்கித் தருகிறேன்.