சைக்கிள் ஊருக்கு வந்த கவச வண்டி

வணக்கம் நேயர்களே. கலிஃபோர்னியால டேவிஸ்னு ஒரு ஊரு இருக்கு, யுனிவர்சிட்டி ஊரு, சைக்கிளுக்குப் பேர்போனது. அந்த ஊர் போலீசுக்கு 2014 ஆகஸ்ட்ல எம்ராப்னு ஒரு வண்டி வந்து நின்னுச்சு. ஈராக் மாதிரி இடத்துல ரோட்டுல புதைச்சு வெச்ச குண்டு வெடிச்சாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு, அடிப்பாகத்த ரெண்டு பக்கமும் சரிச்சு செஞ்ச வண்டி அது. மதிப்பு 6,89,000 டாலர். போலீஸ் குடுத்த விலை? ஒண்ணுமில்ல, கொண்டு வர்ற செலவும் மெயின்டனன்ஸும் மட்டும்தான்.

இதுக்குப் பேரு 1033 திட்டம். ராணுவத்துல மிஞ்சுன சாமான உள்ளூர் போலீசுக்குத் தள்ளிவிடறது. மேசை நாற்காலி, ஸ்லீப்பிங் பேக்னு நெறைய போகுது, அத யாரும் குத்தம் சொல்லல. ஆனா துப்பாக்கி, கவச வண்டியும் சேர்ந்துதான் போகுது, அதுல ஒரு கண்டிஷன் வேற, வாங்கினா ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தியாகணும்! ஓசில கெடச்சா பினாயிலயும் குடிப்பாங்கன்னு நம்ம ஊருல சொல்லுவோம்ல, இங்க குடிக்கறதுக்கு கெடுவும் வெச்சிருக்காங்க.

லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்கூல் போலீஸ்கிட்டயே 3 கிரனேட் லாஞ்சர் இருந்துச்சுங்க. ஸ்கூல் போலீஸ்! அப்புறம் திருப்பிக் குடுத்தாங்க. 2017ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு ஜிஏஓ, இல்லாத ஒரு போலீஸ் ஏஜென்சி பேர்ல சும்மா விண்ணப்பிச்சுப் பாத்தாங்க, நைட் விஷன் கண்ணாடில ஆரம்பிச்சு 100 சாமானுக்கு மேல, 12 லட்சம் டாலர் மதிப்புக்குக் கைக்கு வந்துருச்சு.

2014ல மிசௌரி மாநிலத்து ஃபெர்குசன் ஊருல ஒரு கறுப்பின இளைஞர போலீஸ் சுட்டுக் கொன்னதுக்கு எதிரா நடந்த போராட்டத்துல கவச வண்டியும் நீட்டின துப்பாக்கியுமா போலீஸ் நின்னத டிவில பாத்து நாடே அதிர்ந்துச்சு, 2015ல ஒபாமா கிரனேட் லாஞ்சர், துப்பாக்கி முனைல மாட்டற கத்தி, டேங்க் மாதிரி பட்டை வெச்சு ஓடற வண்டி இதெல்லாம் கூடாதுன்னார். 2017ல ட்ரம்ப் அத ரத்து பண்ணினார், 2022ல பைடன் திரும்பவும் கட்டுப்பாடு போட்டார், 2025ல ட்ரம்ப் அதையும் எடுத்துட்டார். ஆள் மாறினா ரூல் மாறும், அவ்வளவுதான்.

போலீஸ் தரப்பு சொல்றதயும் தள்ளிவிட முடியாது, யார் கையில வேணாலும் பெரிய துப்பாக்கி இருக்கற நாடு அது, குண்டு பறக்கற இடத்துல அடிபட்டவன வெளிய தூக்கிட்டு வர கவசம் வேணும்தான். என் சண்டை வண்டியோட இல்ல, யாரையும் கேக்காம வர்றதோடதான். டேவிஸ்ல வண்டி வந்த பிறகுதான் ஊரே கூடிக் கத்துச்சு, 60 நாள்ல இத அனுப்ப வழி சொல்லுங்கன்னு கவுன்சில் முடிவெடுத்துச்சு.

2021ல கலிஃபோர்னியா ஏபி 481னு ஒரு சட்டம் போட்டு அந்த வரிசைய மாத்திருச்சு. எத்தன வேணும், என்ன விலை, எதுக்கு, வேற வழியே இல்லயான்னு முன்னாடியே எழுதி வெளில வெச்சு, பொதுக்கூட்டத்துல கவுன்சில் ஓட்டு வாங்கணும். வருஷா வருஷம் கணக்கும் காட்டணும். 2025 ஏப்ரல்ல ட்ரம்ப், மிஞ்சுன ராணுவ சாமான் போலீசுக்கு இன்னும் அதிகமா போகணும்னு உத்தரவு போட்டிருக்கார். அவர் குடோன் கதவ எவ்வளவு அகலமாத் தொறந்தாலும், டேவிஸுக்கு இன்னொரு எம்ராப் வரணும்னா அது மொதல்ல கவுன்சில் அஜெண்டால ஒரு வரியா வந்தாகணும்.