அந்த ஜாங்கிரி எங்கே போனது?

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் வணக்கம். கோயில் திடலில் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தனி வணக்கம். கையில் அவித்த கடலைதானே? சரி, சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோய்க்குப் பெரிதும் காரணம் பிறந்த உடம்பா, வளர்த்த பழக்கமா? நான் உடம்பின் கட்சி.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்: "லட்டைத் தின்றது பேரன், பழி தாத்தா மேலா?" நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, தாத்தா எங்கே லட்டைக் கண்டார்? கண்டிருந்தால் பேரனுக்கு மிச்சம் வைத்திருப்பாரா?

நான் சொல்லும் தாத்தா அவருக்கும் பல ஆயிரம் தலைமுறைக்கு முந்தியவர். காட்டில் இனிப்பு என்றால் பழுத்த பழம், இல்லாவிட்டால் தேன். தேனுக்கு மரம் ஏற வேண்டும், கொட்டு வாங்க வேண்டும். கிடைத்த அன்றைக்கே மூக்குப்பிடிக்கத் தின்று கொழுப்பாகச் சேர்த்தவன் பிழைத்தான். "எனக்குப் பாதி போதும்" என்ற நாகரிகமானவன் அடுத்த பஞ்சத்தில் போய்ச் சேர்ந்தான். இங்கே இருக்கும் எல்லாரும் அந்த நாகரிகம் இல்லாதவனின் பிள்ளைகள். நடுவர் உட்பட.

எங்கள் பெரிய மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ஒரு கல்யாணப் பந்தியில் இந்தப் பக்கம் மாமி, அந்தப் பக்கம் பாட்டி, நடுவில் மாமா. பரிமாறுகிறவர் வந்தார். "அவருக்கு ஜாங்கிரி வேண்டாம்" என்றார் மாமி. "ஆமாம்பா, வேண்டாம்" என்றார் மாமா, காசிக்குப் போய் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி. மாமி ஒரு நிமிஷம் சம்பந்தியிடம் பேசத் திரும்பினார். ஒரே நிமிஷம்! திரும்பிப் பார்த்தால் பாட்டி இலையில் ஜாங்கிரி இல்லை. மாமா வாயை மூடிக்கொண்டு ரசம் சாதம் பிசைகிறார்.

"ஏங்க, பெத்த தாய் இலையிலயா கை வெச்சீங்க?"

மாமா எப்படிப் பதில் சொல்வார்? வாயில் இடமில்லை. பந்தியே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், சாவியோ செல்போனோ, முதலில் மாமா வாயைத் திறந்து பார்ப்பார்கள்.

"எடையைக் குறைத்தால் போதும்" என்றாரே எதிரணித் தங்கை, அவர் எங்கள் மாமாவைப் பார்த்ததில்லை. காற்றடித்தால் வேட்டி மட்டும்தான் தெரியும். புனேயில் யாஜ்னிக் என்று ஒரு மருத்துவர், லண்டனில் யுட்கின் என்று ஒருவர். இருவருக்கும் உயரத்துக்கு எடை ஒரே கணக்கு, பி.எம்.ஐ. 22.3. கொழுப்பை அளந்தார்கள். லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! 2004-இல் இருவரும் தங்கள் படத்தையே லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டார்கள். பார்க்க அண்ணன் தம்பி போல ஒல்லி, உள்ளே ஒருவருக்கு மட்டும் வெண்ணெய்த் தாழி. எடையை மட்டும் பார்த்தால் போதுமா, தங்கச்சி?

பிறக்கும்போதே இந்தக் கதை தொடங்கிவிடுகிறது. யாஜ்னிக் குழுவினர் புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார்கள். சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. நம் பிள்ளைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பை மட்டும் விடாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவை மறித்தார்கள். அந்தப் பட்டினியில் தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தால், சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு திணறுகிறது. வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்கு என்ன பழக்கம் இருந்திருக்கும்?

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே நிமிஷம், ஐயா. அந்த ஜாங்கிரியை முடித்துவிடுகிறேன்.

மாமா திருடவில்லை. நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்தோம், மனிதர் வாயே திறக்கவில்லை. போன பொங்கலுக்கு மறுபடி அந்தப் பேச்சு வந்தபோது பாட்டிதான் சொன்னார்: "நான்தான்டா அவன் இலையில வெச்சேன்."

"சர்க்கரைக்காரனுக்கு ஏன் பாட்டி?"

"எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில ஒட்டினதுதான் அப்போ எனக்கு. உங்க மாமன் வயித்துல இருந்த வருஷம் அதுவும் இல்லை, வெறும் நீராகாரம். நாலு பேர் முன்னாடி பசிக்குதுன்னு சொல்ல முடியுமா? உள்ளயே பசிச்சுக் கிடந்த பிள்ளைடா அவன்."

சமையற்கட்டு வாசலில் மாமி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு ராத்திரிக்கு எப்போதும் எண்ணி இரண்டு சப்பாத்திதான். அன்றைக்கு மூன்று வைத்தார்.

நன்றி, வணக்கம்.