வேத் மேத்தா: பெற்றோரிடம் கேள்வி கேட்ட நிருபர்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டுவது பல வருஷமாக என் சாயங்கால வேலை. பரீட்சை வந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கவும் போவேன். ஒருநாள் பாடம் சீக்கிரம் முடிந்தது. மிச்ச நேரத்தில், பார்வையற்ற எழுத்தாளர் வேத் மேத்தாவின் நினைவுகளிலிருந்து ஒரு காட்சியைத் தமிழில் சொன்னேன். ஐந்து வயதுகூட நிரம்பாத மகனைப் பம்பாய் போகும் ரயிலில் ஏற்றிவிடுகிறார் அப்பா. 'இனிமேல் நீ பெரிய ஆள்' என்கிறார். அந்த இடத்தில் மாணவன் என்னை நிறுத்தினான். "என்னை ஹாஸ்டல்ல விட்டப்ப எங்கப்பா ஒண்ணுமே சொல்லலைக்கா. கையை மட்டும் பிடிச்சுக்கிட்டே நின்னாரு" என்றான். அன்றைக்கு அதற்குமேல் நாங்கள் படிக்கவில்லை.

அந்த ரயிலில் போன பையன்தான் வேத் மேத்தா. 1934-இல் லாகூரில் பிறந்தவர். நான்கு வயது நிரம்புவதற்குள் மூளைக்காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. அப்பா அமோலக் ராம் பொது சுகாதாரத் துறை மருத்துவர். போன பார்வை திரும்பாது என்று அவருக்குத் தெரியும். அம்மா சாந்திக்கு மனசு ஆறவில்லை. நாட்டு வைத்தியம், வேண்டுதல் என்று எதையும் விடவில்லை. அப்பா பிள்ளையைப் பம்பாய் தாதரில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினார். மகனைத் தொலைவில் விடுவதற்கு எந்த அப்பாவுக்குத்தான் மனம் வரும்? படிப்பு இல்லாவிட்டால் பிள்ளை தெருவில் கையேந்த வேண்டியிருக்கும் என்ற பயம் அவருக்கு.

1947 பிரிவினையில் குடும்பம் லாகூரை விட்டு வெளியேறியது. டேராடூனில், போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கான நிலையத்தில் தட்டச்சு கற்றுக்கொண்ட சிறுவன், வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு வரிசையாக விண்ணப்பம் அனுப்பினான். கதவு திறந்தது அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மட்டும். 1949-இல், பதினைந்து வயதில், தனியாகப் போனான். பிறகு பொமோனா கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு. 1961 முதல் 1994 வரை 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் வேலை. கைத்தடி இல்லாமல், காலடி ஓசையும் சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் காட்டிய வழியில் நியூ யார்க் தெருக்களில் நடந்தவர் அவர்.

ஆனால் எனக்கு அவர்மீது மரியாதை வந்தது இவற்றால் அல்ல. சொந்தக் குடும்பத்தை எழுத உட்கார்ந்தபோதும் அவர் நிருபராகவே இருந்தார். 1972-இல் அப்பாவைப் பற்றி 'டாடிஜி', 1979-இல் அம்மாவைப் பற்றி 'மாமாஜி'. இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு மாமாதான் ஞாபகத்துக்கு வருவார்; அது அவர் அம்மாவைக் கூப்பிட்ட பெயர். தான் பிறப்பதற்கு முந்தைய கதையை மகன் எப்படி எழுத முடியும்? கேட்டுத்தான். பெற்றோரிடமும் உறவினரிடமும் உட்கார்ந்து கேட்டார். வீட்டில் அறை எங்கே இருந்தது, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்றெல்லாம் கேட்டார். கிடைத்ததை உதவியாளருக்கு வாயால் சொல்லி எழுதவைத்து, திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்தினார். நம் வீடுகளில் பெரியவர்களிடம் இப்படித் துருவிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்போம். அதனால்தான் எத்தனையோ பாட்டிகளின் கதை அவர்களோடு போய்விட்டது.

வேறொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் அப்பா, நாவல் ஒன்று எழுத மகனின் உதவியைக் கேட்டார். சிம்லாவில் திருமணமான ஒருவருக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மலர்ந்த காதல் கதை. கேட்கக் கேட்க மகனுக்குப் புரிந்தது, அது அப்பாவின் சொந்தக் கதை. எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் கை பரபரக்கும் விஷயம். அவர் அவசரப்படவில்லை. அப்பாவும் அம்மாவும் மறைந்த பிறகு, 2004-இல்தான் 'தி ரெட் லெட்டர்ஸ்' நூலாக வந்தது. 'டாடிஜி'யில் தொடங்கி 32 ஆண்டுகள் நீண்ட அந்தக் குடும்ப நூல் வரிசையில் அதுதான் கடைசி. 2021 ஜனவரியில் அவரும் காலமானார்.

அந்த மாணவனுக்கு இப்போது ரயில் காட்சியைத் தாண்டி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பம்பாய்க்கு வந்துவிட்டோம். போன வாரம் அவன் ஊருக்குப் போய்வந்தான். ஹாஸ்டல் வாசலில் அன்று ஏன் பேசாமல் நின்றார் என்று அப்பாவிடம் கேட்டானாம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவனே எழுதட்டும்.

வணக்கம்.