மன்னிப்பு கேட்ட அரசே பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரிட்டனில் நோய்க்கிருமி கலந்த இரத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் பிரதமரே மன்னிப்பு கேட்டுவிட்டார். இழப்பீடு கொடுக்க எதற்குத் தனியாக ஓர் ஆணையம்? சுகாதாரத் துறையே பணத்தை அனுப்பிவிடலாமே?"

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இரத்தமும் இரத்தத்திலிருந்து செய்த மருந்தும் பெற்ற 30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யோ கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் கிருமியோ தொற்றியது. சிலருக்கு இரண்டுமே. ஏறக்குறைய 3,000 பேர் இறந்துபோனார்கள். நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே 20 அன்று வந்தது. இதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும், உண்மையை மூடி மறைத்தார்கள் என்று அது சொன்னது. அன்றே அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார்.

சரி, தனி ஆணையம் எதற்கு? தவறு செய்தது அரசு, மறைத்ததும் அரசு. யாருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும் வேலையும் அதே துறையின் கையில் இருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் எப்படி நம்புவார்கள்? இது வெறும் சந்தேகமில்லை, அவர்கள் பட்ட அனுபவம். 1988இல் எச்.ஐ.வி. தொற்றிய ஹீமோஃபிலியா நோயாளிகளுக்காக, அதாவது இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய் உள்ளவர்களுக்காக, மக்ஃபார்லேன் அறக்கட்டளை என்று ஒன்றை அரசுப் பணத்தில் அமைத்தார்கள். அது இழப்பீடு அல்ல, உதவித்தொகை. வீட்டுச் செலவுக்குக்கூட விண்ணப்பம் எழுதி, காரணம் சொல்லி, கையேந்தி நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் 1991இல் எச்.ஐ.வி. வழக்கில் சமரசத் தொகை கொடுத்தபோது, இனி ஹெப்படைட்டிஸுக்காகவும் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதனால்தான் லாங்ஸ்டாஃப் 2023 ஏப்ரலிலேயே, அரசிடமிருந்து விலகி நிற்கும் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தார். அரசு இழுத்தடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று, இந்த அமைப்பை ஏற்படுத்தியே ஆக வேண்டும் என்ற திருத்தத்தின் மீது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்து, 246க்கு 242 என்ற கணக்கில் அரசு தோற்றது. நாலே நாலு ஓட்டு! 2024 மே மாதம் சட்டம் நிறைவேறி, இழப்பீட்டு ஆணையம் பிறந்தது. அக்டோபர் பட்ஜெட்டில் 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

பணம் ஒதுக்குவதைவிடக் கடினமான வேலை, எதை இழப்பு என்று எண்ணுவது. உடல் பாதிப்பு, சமூகத்தில் பட்ட அவமானமும் ஒதுக்கலும், பராமரிப்புச் செலவு, வருமான இழப்பு, இவற்றோடு தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை பறிபோனது என ஐந்து தலைப்புகளில் கணக்கிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் டிரெலோர் பள்ளியில் படித்த ஹீமோஃபிலியா சிறுவர்களை, அவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லாமலேயே ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். அதற்காகத் தனியாக அரசு முதலில் அறிவித்த தொகை 15,000 பவுண்டு. தப்பிப் பிழைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம் என்பேன்.

பாதிக்கப்பட்டவர் என்றால் ஊசி போட்டுக்கொண்டவர் மட்டுமில்லை. ஹீமோஃபிலியா நோயாளிகளின் இரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும். சுத்திகரித்த நீரை விட்டு, நுரைக்காமல் மெல்ல உருட்டிக் கரைத்து, சிரிஞ்சில் எடுத்துப் போட வேண்டும். வீட்டில் இதைச் செய்தது பெரும்பாலும் அம்மாக்கள். அந்தப் பொடியைத் தயாரிக்க ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, ஒன்றாகக் கலந்தார்கள். அமெரிக்கச் சிறைகளில் காசு கொடுத்து வாங்கியதும் அதில் உண்டு. ஒருவருக்குக் கிருமி இருந்தால் மொத்தத்துக்கும் பரவும். என் கையாலேயே என் பிள்ளைக்கு ஏற்றினேனே என்று அந்தத் தாய் ஆயுசு முழுக்கக் குமைவதற்கு எந்த அட்டவணையில் தொகை போடுவது? ஆனாலும் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், சம்பளமில்லாமல் பராமரித்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம் என்று இந்தத் திட்டம் வைத்திருக்கிறது. இதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன்.

அடுத்தது ஆதாரம். பிரசவத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணிடம், நாற்பது வருஷத்துக்கு முந்தைய மருத்துவக் குறிப்பைக் கொண்டுவா என்றால் எங்கே போவார்? பல கோப்புகள் காணாமல் போயின. சுகாதாரத் துறையின் சில கோப்புகளை வேண்டுமென்றே அழித்தார்கள் என்று விசாரணையே சொல்கிறது. அதனால் அப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்று சாட்சியங்களின் எடை காட்டினால் போதும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை என்று வைத்தார்கள். பழைய உதவித் திட்டங்களில் ஏற்கப்பட்ட தொற்றாளர்கள் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

இவ்வளவு இருந்தும் சறுக்கியது வேகத்தில். யாரும் தாங்களாக விண்ணப்பிக்க முடியாது, ஆணையம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். 2025 ஜூலையில் லாங்ஸ்டாஃப் கூடுதல் அறிக்கை வெளியிட்டு இதைக் கடுமையாகக் கண்டித்தார். அதுவரை முழு இழப்பீடும் கைக்கு வந்தவர்கள் சுமார் 460 பேர்தான். எனவே கேள்வி கேட்ட நேயரின் ஆதங்கம் சரியானதே. தனி அமைப்பு வேண்டியதுதான். ஆனால் அதன் வாசலில் வயதானவர்களையும் நோயாளிகளையும் வரிசையில் நிற்க வைத்தது பெரிய தவறு.

இந்தத் தாமதம் எவ்வளவு கொடுமை என்பதற்கு ஒரு விதியைச் சொல்கிறேன். தொற்றுக்கு ஆளானவர் இறந்தால் அவருக்குரிய தொகை வாரிசுகளுக்குப் போகும். ஆனால் சற்று முன் சொன்னேனே, அந்த அம்மா, அவர் காத்திருக்கும்போதே கண்ணை மூடினால், முதலில் போட்ட விதிப்படி அவருடைய கோரிக்கையும் அவரோடு போய்விடும். லாங்ஸ்டாஃபின் கூடுதல் அறிக்கைக்குப் பிறகுதான் அதை மாற்ற அரசு ஒப்புக்கொண்டது.