பெண்ணின் பெயரில் என்ன வருகிறது?

அன்புச் சகோதரிகளே, தொண்டு நிறுவன நண்பர்களே!

வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்கு ஆண்-பெண் சமத்துவத்தில் மதிப்பெண் போடுகிறார்கள். வளர்ந்த நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓஇசிடி அமைப்பின் முறை அது. சமத்துவமே முதன்மை நோக்கமென்றால் 2, பல நோக்கங்களில் ஒன்றென்றால் 1, இல்லையென்றால் 0. 2020-21இல் இருதரப்பு உதவியில், அதாவது ஒரு நாடு நேரடியாகத் தரும் உதவியில், திட்டவாரியாகப் பிரித்துக் கணக்கிடக்கூடிய தொகையில் 44 சதவீதம் 1 அல்லது 2 வாங்கியது. 2 வாங்கியது சுமார் 4 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால், 1 வாங்கிய திட்டத்தின் முழுத் தொகையும் சமத்துவக் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் அந்த 1 வாங்கவும் விதி உண்டு: முன்னதாகவே ஆண்-பெண் நிலை ஆய்வு, வெளிப்படையான ஓர் இலக்கு, அதை அளக்க ஒரு குறியீடு, ஆண் பெண் தனித்தனியாகத் தரவு. விண்ணப்பம் எழுதும்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் கடப்புறத்தையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் திட்டம் என்றதும் வள்ளம், இயந்திரம், வலை என்று எழுதிவிடுகிறோம். மூன்றும் ஆணின் பெயருக்குப் போகும். ஏலத்தில் மீன் எடுத்து, சருவத்தில் சுமந்து சந்தையில் விற்கிறவளுக்கு இரண்டு நாள் பயிற்சி! அவளுக்கு வேண்டியது ஐஸ்பெட்டி, வட்டிக்காரரிடம் போகாமல் அன்றாடம் மீனெடுக்கக் கைமுதல், சந்தையில் உட்கார இடம், தண்ணீர், கழிப்பறை. கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் அவள் வரமாட்டாள், சந்தையில் இருப்பாள். குறியீடாக "பயிற்சி பெற்றோர் 200" என்று போட்டால் தலையை எண்ணலாம், மாற்றத்தை அளக்க முடியாது. செலவு போகக் கையில் நிற்கும் வருமானம், கட்டும் வட்டி ஆகிய இரண்டையும் திட்ட நிதியின் முதல் தவணை வருமுன்பே பதிந்து வையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழி இல்லை.

இன்னொரு பிசகு, மனைவி பெயரில் கடன், கணவன் பெயரில் வள்ளம். தவணை கட்டுவது அவள், சொத்து அவளுடையதல்ல. சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுத அரசு ஆணையிட்டது நல்ல முன்மாதிரி. வெளிநாட்டு உதவியிலும் முன்மாதிரி உண்டு: 1989இல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்களே பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவின.

கடைசியாகச் சட்டம். வெளிநாட்டு நிதி பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாகர்கோவில் அலுவலகம் வாங்கிக் கரையிலுள்ள சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று பட்ஜெட் போடாதீர்கள். ஐஸ்பெட்டியை நிறுவனமே வாங்கி, அவள் பெயரில் ரசீது போட்டு ஒப்படையுங்கள்.