தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறுகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டண உயர்வு என்று அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மழை சும்மாதானே பெய்கிறது, தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு காசு?" நியாயமான கேள்வி. ஆனால் நாம் கட்டுகிற பணத்தில் தண்ணீருக்கென்று போவது சொற்பம். அதைச் சுத்தம் செய்து, வீடுவரை கொண்டுவந்து, அழுக்கானபின் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார்களே, செலவெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குத்தான்.

முதலில் எடையைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் கனக்கும். அதை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 0.4 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே ஆயிரம் லிட்டரைக் கடல்நீரிலிருந்து எடுத்தால் சுமார் 3 யூனிட் ஆகும். கழிவுநீர் நிலையத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இரவு பகலாகக் காற்று ஊத வேண்டும். அங்கே ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடுகிறது. மின் கட்டணம் ஏறினால் தண்ணீர்க் கட்டணம் எப்படி நிற்கும்?

ஆனாலும் மின்சாரம் சின்னச் செலவுதான். பெரிய செலவு மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

வார்ப்பிரும்புக் குழாய் நூறு வருடம்கூட உழைக்கும். அதுவே ஒரு வம்பு. போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், பேரன் தலைமுறையில் மொத்தமாகப் பழுதாகும். சாக்கடைக் குழாய் இன்னும் மோசம். தேங்கும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும்பும். குழாயின் ஈரமான மேற்கூரையில் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் கான்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒருநாள் சாலை உள்வாங்கும்போதுதான் கீழே குழாய் இருந்ததே நமக்குத் தெரியவரும். அப்புறம் சாலையை வெட்டி, போக்குவரத்தைத் திருப்பி, அவசரத்தில் செய்யும் வேலைக்குத் திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு செலவு.

லண்டனையே எடுத்துக்கொள்வோம். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியதால், பாராளுமன்றமே அசைந்துகொடுத்தது; பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் தலைமையில் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியது. அவர் கட்டியது இன்றும் ஓடுகிறது. ஆனால் ஊர் பெருத்துவிட்டது. பெருமழை வந்தால் சாக்கடை ஆற்றில் வழியும். அதற்காகச் சமீபத்தில் 25 கிலோமீட்டர் சுரங்கம் கட்டினார்கள். அந்தச் செலவு வாடிக்கையாளர்களின் பில்லில்தான் ஏறியது.

சரி, அரசு கொடுக்கக்கூடாதா? கொடுத்த காலமும் உண்டு. அமெரிக்காவில் 1972 சட்டத்தின்படி கழிவுநீர் நிலையம் கட்டும் செலவில் 75 சதவீதம்வரை மத்திய அரசு மானியமாகத் தந்தது. 1987இல் அந்த வழியைக் கடன் நிதியாக மாற்றத் தொடங்கினார்கள். மானியத்தைத் திருப்பித் தர வேண்டாம், கடனைத் தர வேண்டும். அசலும் வட்டியும் கட்டணத்தில்தான் வந்து உட்காரும்.

சுத்தத்துக்கான விதியும் இறுகிக்கொண்டே போகிறது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வழக்கமான குளோரினுக்கு அது சாகாது. அதற்குப் பிறகு அங்கே ஓசோன் வாயுவால் கிருமியைக் கொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புது இயந்திரம் வருகிறது. இதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது ஒத்திப்போடுவதை. தேர்தலுக்குப் பயந்தோ வேறு எதற்காகவோ பல வருடம் கட்டணத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரேயடியாக ஏற்றுகிறார்கள். சிங்கப்பூர்போலத் திட்டமிடும் நாடே 2000க்குப் பிறகு 2017வரை தொடாமல் இருந்துவிட்டு, இரண்டு தவணையில் 30 சதவீதம் ஏற்றியது. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. "சிக்கனமாக இருங்கள்" என்பார்கள், நாமும் இருப்போம், கட்டணம் ஏறும்! பித்தலாட்டம் இல்லை, கணக்குதான். குழாயும் கடனும் ஊழியர் சம்பளமும் நாம் குறைவாகப் பிடித்தால் குறைவதில்லை. விற்பனை சுருங்கினால் லிட்டருக்கு விலையை ஏற்றித்தான் வரவைச் சரிக்கட்ட வேண்டும். ஆனால் சிக்கனத்தால் புது நிலையம் கட்டுவதைத் தள்ளிப்போட முடிந்தால், அந்த மிச்சம் உண்மையான மிச்சம்.

இந்த ஏற்றம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. மாதாந்திர நிலைக் கட்டணத்தை ஏற்றினால் தனியாக வாழும் ஏழைக் கிழவிக்கும் நீச்சல் குளம் வைத்தவருக்கும் ஒரே தொகை ஏறும். பயன்பாடு கூடக் கூட விலை ஏறும் அடுக்கு முறை நியாயமாகத் தெரியும். ஆனால் ஒரே மீட்டரை நான்கு குடும்பங்கள் பகிர்ந்தால், அந்த ஏழைகள்தான் மேல் அடுக்கில் போய் நிற்பார்கள். அதனால் உயர்வு வரும்போது "எத்தனை சதவீதம்" என்பதோடு நிற்காதீர்கள். எந்த அடுக்கில் ஏறுகிறது, ஏற்றிய பணத்தில் எவ்வளவு, பழைய குழாயை மாற்றப் போகிறது, கசிவில் வீணாவது எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.