தன் கோப்பைத் தானே படிக்கும் உரிமை

எல்லாருக்கும் வணக்கம்.

ரகசியப் போலீஸ் என்றதும் நள்ளிரவில் கதவு தட்டப்படுவதும் விசாரணை அறையும் அடி உதையும்தான் நமக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது காகிதத்தைப் பற்றி. ஒரு நாட்டின் ரகசியப் போலீஸ் தன் மக்களைப் பற்றி நாற்பது வருஷம் எழுதிக் குவித்தது. யாரைப் பற்றி எழுதினார்களோ, அந்த மக்களே கடைசியில் அதைக் கையில் வாங்கிப் படித்தார்கள். அவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் எந்த நாட்டிலும் அப்படி நடந்ததில்லை. நடந்த இடம் கிழக்கு ஜெர்மனி. அந்த ரகசியப் போலீஸை ஸ்டாசி என்பார்கள். கோப்புகளைத் திறந்துவிட்டது சரியா, தப்பா என்று அங்கே பல வருஷம் சண்டை நடந்தது. சரிதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

1950 பிப்ரவரி 8 அன்று, அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் என்ற பெயரில் ஸ்டாசி தொடங்கப்பட்டது. அதற்கு முன்மாதிரி, ரஷ்யப் புரட்சி நடந்த சில வாரங்களில், 1917 டிசம்பரில் லெனின் அரசு ஏற்படுத்திய செக்கா என்ற ரகசியப் போலீஸ். ஸ்டாசி அதிகாரிகள் தங்களைச் 'செக்கிஸ்ட்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தங்கள் அமைப்பைக் 'கட்சியின் கேடயமும் வாளும்' என்பார்கள். கவனியுங்கள், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் கேடயம். மக்களுக்கோ சட்டத்துக்கோ அதில் இடமில்லை. எரிக் மீல்கே என்பவர் 1957-லிருந்து 1989 வரை, 32 வருஷம், அதன் அமைச்சராக இருந்தார். ஒரே ஆள், ஒரே நாற்காலி.

1953 ஜூன் 17-ல் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். சோவியத் டாங்கிகள் வந்துதான் அதை அடக்கின. அது வரப்போகிறது என்று ஸ்டாசிக்குத் தெரியவில்லை. அன்று பிடித்த பயம் அந்த அமைப்பை விட்டுப் போகவே இல்லை. 36 வருஷம் கழித்து, 1989 ஆகஸ்ட் 31 அன்று, மீல்கே தன் உயர் அதிகாரிகளைக் கூட்டிவைத்து, 'நாளைக்கு ஜூன் 17 வெடிக்குமா?' என்று கேட்டார். வெடிக்காது, அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு கர்னல் பதில் சொன்னார். பத்து வாரத்தில் பெர்லின் சுவர் திறந்துவிட்டது.

அந்தப் பயத்துக்கு எவ்வளவு ஆள் தேவைப்பட்டது என்று பாருங்கள். 1989-ல் அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. ஸ்டாசியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 91,000 பேர். அதாவது 180 பேருக்கு ஒரு முழுநேர ஊழியர். அதற்கு மேல், சீருடையும் பதவியும் இல்லாமல் தகவல் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 1,89,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பல் டாக்டர், பாதிரியார், கூடப் படிக்கிற பையன் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இவர்களை எப்படிப் பிடித்தார்கள்? மிரட்டித்தான் இழுத்திருப்பார்கள் என்று நினைப்போம். சில பேரை அப்படியும் இழுத்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்களிடம் நயமாகப் பேசியே காரியத்தை முடித்துவிட்டார்கள். நாட்டுக்கு உதவி செய்யுங்கள், சமாதானத்துக்கு எதிரிகள் இருக்கிறார்கள், உங்களைப் போன்ற விவரமானவர் வேண்டும் என்று ஒரு மரியாதையான அதிகாரி வந்து சொல்வார். சம்மதித்தால் வெள்ளைத்தாளில் உறுதிமொழியைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புனைபெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுப்பார். அப்புறம் ஏதோ ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் காபி குடித்தபடி சந்திப்பு. அவர் பேசப் பேச அதிகாரி குறித்துக்கொள்வார். யாரையும் காட்டிக்கொடுத்ததாக அவருக்குத் தோன்றவே தோன்றாது. நாலு வார்த்தை பேசினோம், அவ்வளவுதானே என்றிருக்கும்.

எழுபதுகளில் வேலைமுறை மாறியது. கிழக்கு ஜெர்மனி 1973-ல் ஐ.நா. சபையில் சேர்ந்தது, 1975-ல் மனித உரிமை பேசும் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. கண்டபடி ஆட்களைச் சிறையில் தள்ளினால் வெளியில் பெயர் கெடும். அதனால் 1976 ஜனவரியில் மீல்கே ஒரு உத்தரவு போட்டார். அதன் எண் 1/76. எதிர்ப்பாளரைக் கைது செய்யாமலேயே உள்ளுக்குள் சிதைப்பது எப்படி என்பதற்கான வழிமுறை அது. அவர் நடத்தையைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்த வதந்தியைப் பரப்பு. வேலையில் அவர் தோற்றுக்கொண்டே இருக்கும்படி செய். நண்பர்களுக்குள் சந்தேகத்தை மூட்டு. இதற்கெனவே போட்ஸ்டாமில் இருந்த ஸ்டாசியின் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தினார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். யூர்கன் ஃபுக்ஸ் ஒரு எழுத்தாளர், உளவியல் படித்தவர். 1976 நவம்பரில் பாடகர் வோல்ஃப் பியர்மானின் குடியுரிமையை அரசு பறித்தபோது எதிர்ப்புத் தெரிவித்தார் என்று கைது செய்தார்கள். ஹோஹன்ஷோன்ஹவுசன் சிறையில் 281 நாள் வைத்திருந்துவிட்டு மேற்கு பெர்லினுக்கு நாடு கடத்தினார்கள். சரி, தப்பித்தார் என்று நினைத்தால் அதுதான் இல்லை. 1982-ல் அவர் வீட்டு போன் ராத்திரி முழுக்க அடித்தது. அவர் கூப்பிடாமலே டாக்சி வந்து நின்றது. பூட்டு ரிப்பேர்க்காரர் வந்தார், பூச்சி மருந்து அடிக்கிறவர் வந்தார். யாரோ அவர் பெயரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் வெளியில் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அடிபட்டவன் தழும்பைக் காட்டலாம். இப்படிச் சிதைக்கப்பட்டவன் எதைக் காட்டுவான்? கோப்பு திறந்த பிறகுதான், நான் கற்பனை செய்யவில்லை, உண்மையிலேயே நடந்தது என்று பல பேரால் சொல்ல முடிந்தது. கோப்புகளைத் திறந்தது சரி என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

கோப்பு தானாகத் திறக்கவில்லை. சுவர் விழுந்த பிறகும் ஸ்டாசி இருந்தது. பெயரை மாற்றிக்கொண்டு காகிதத்தை அழிக்க ஆரம்பித்தது. 1989 டிசம்பர் 4 காலை எர்ஃபுர்ட் நகரில் ஸ்டாசி அலுவலகப் புகைபோக்கியில் புகை கிளம்பியது. எரிக்கிறார்கள் என்று சில பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் ஆள் திரட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். வண்டிகள் வெளியே போகாதபடி வழியை மறித்தார்கள். உள்ளே நுழைந்து, அரசு வழக்கறிஞரை வரவழைத்து அறைகளுக்குச் சீல் வைக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. வெளியிலிருந்து போனவர்களிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் காப்ரியேலே ஸ்டோட்சர் என்ற கலைஞர். பியர்மானுக்காகக் கையெழுத்து வேட்டை நடத்தியதற்கு ஒரு வருஷச் சிறைத்தண்டனை பெற்று, ஹோஹெனெக் பெண்கள் சிறையில் இருந்தவர். சிறைக்கு அனுப்பியவர்களின் கட்டடத்துக்குள் அவர் போய் நின்ற அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. அன்றே லைப்சிக் உட்பட வேறு ஊர்களிலும் மக்கள் உள்ளே போனார்கள். பெர்லின் தலைமையகம் 1990 ஜனவரி 15-ல் மக்கள் கைக்கு வந்தது.

கிடைத்ததைப் பாருங்கள். அடுக்கி நிறுத்தினால் 111 கிலோமீட்டர் நீளத்துக்குக் காகிதம். சுமார் 4 கோடி குறிப்பு அட்டைகள். காகிதம் கிழிக்கும் எந்திரம் தாங்காமல் கையாலேயே கிழித்துப் போட்ட துண்டுகள் மட்டும் 15,000 மூட்டைகளுக்கு மேல். நூரன்பர்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் 1995-லிருந்து ஊழியர்கள் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டினார்கள். இருபது வருஷத்தில் ஏறக்குறைய 15 லட்சம் பக்கம் மீண்டது. அதுவும் ஐந்நூறு மூட்டை அளவில்தான்.

காகிதம் காப்பாற்றப்பட்ட பிறகுதான் உண்மையான வாதம் தொடங்கியது. இதை மூடி வைத்துவிடலாம் என்றவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் கடைசிப் பிரதமர் லோதர் டி மெசியேர், திறந்தால் கொலை விழும், அக்கம்பக்கம் என்ற உறவே இருக்காது என்று பயந்தார். மேற்கு ஜெர்மனித் தலைவர்களுக்கும் திறப்பதில் ஆர்வமில்லை, அவர்களைப் பற்றியும் கோப்பு இருந்தது. இரண்டு ஜெர்மனிகளையும் இணைக்கும் ஒப்பந்தத்தில் இந்த விஷயத்தை மழுப்பப் பார்த்தபோது, 1990 செப்டம்பரில், பழைய அரசை எதிர்த்து வந்த பேர்பெல் போஹ்லி போன்றவர்கள் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 1991 டிசம்பரில் சட்டம் வந்தது. 1992 ஜனவரி 2 முதல் யார் வேண்டுமானாலும் மனுப்போட்டுத் தன் கோப்பைப் பார்க்கலாம். யோவாக்கிம் கவுக் என்ற பாதிரியார் முதல் பொறுப்பாளர். பிற்பாடு ஜெர்மனியின் குடியரசுத் தலைவரே ஆனார்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கோப்பில் வரும் மூன்றாம் மனிதரின் அந்தரங்கத்தைக் கறுப்பு மை பூசி மறைத்துவிடுவார்கள். ஆனால் உங்களை வேவு பார்த்த அதிகாரியின் பெயரை மறைக்க மாட்டார்கள். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று நீங்கள் கேட்டால், அடையாளம் தெரிந்த வரைக்கும் சொல்வார்கள். கேட்பதும் கேட்காமல் விடுவதும் உங்கள் இஷ்டம். யார் பாதிக்கப்பட்டாரோ அவர் கையில் சாவி.

வேரா வோலன்பெர்கர் என்பவருக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இன்று அவர் பெயர் வேரா லெங்ஸ்ஃபெல்ட். சர்ச் சார்ந்த சமாதான இயக்கத்தில் இருந்தவர். 1988 ஜனவரியில் ஒரு ஊர்வலத்துக்குப் பதாகையோடு போகும்போது பிடித்தார்கள். அந்தப் பதாகையில், கருத்துச் சொல்லும் உரிமையைப் பற்றி அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருந்த வாசகம். சிறை, அப்புறம் இங்கிலாந்துக்கு வெளியேற்றம். திரும்பி வந்து, ஒன்றுபட்ட ஜெர்மனியின் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கோப்பைப் பார்த்தபோது 'டொனால்ட்' என்ற பெயரில் ஒருவர் வருஷக்கணக்காகத் தகவல் கொடுத்திருந்தது தெரிந்தது. வீட்டுக்குள் இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய தகவல்கள். 'டொனால்ட்' அவர் கணவர், அவருடைய பிள்ளைகளின் தகப்பன். அவர்கள் பிரிந்தார்கள். பல வருஷம் கழித்து, நோயில் விழுந்த அவர் மன்னிப்புக் கேட்டார். வேரா மன்னித்தார்.

இதைக் கேட்டதும், தெரியாமலே இருந்திருக்கலாமே என்று உங்களில் சில பேருக்குத் தோன்றும். எனக்கும் அந்த வலி புரிகிறது. ஆனால் மன்னிப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமானால், எதை மன்னிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? கோப்பு மூடியே இருந்தால் யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகம் வரும், எவரும் தன் மேல் உள்ள சந்தேகத்தைக் கழுவிக்கொள்ள முடியாது. திறந்ததால் பல பேருக்கு, இத்தனை வருஷம் நான் சந்தேகப்பட்ட நண்பன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. எதிர்பார்த்த கொலைகள் விழவில்லை.

குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. அதிகாரிகள் மேலிடத்தைக் குளிர்விக்க மிகைப்படுத்தி எழுதியதும் அந்தக் கோப்புகளில் உண்டு. ஒரு அட்டையில் பெயர் இருந்ததாலேயே வேலை போனவர்கள் உண்டு. ஸ்டாசி அதிகாரிகளில் சிறைக்குப் போனவர்கள் மிகக் குறைவு. மீல்கேயே தண்டனை பெற்றது, 1931-ல் இரண்டு போலீஸ் அதிகாரிகளைச் சுட்டுக்கொன்ற பழைய வழக்கில்தான். 32 வருஷம் அமைச்சராக இருந்து செய்ததற்காக இல்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ்கோவைப் பாருங்கள். 1991 ஆகஸ்டில் மக்கள் சூழ்ந்து நிற்க, செக்காவை உருவாக்கிய ஜெர்ஜின்ஸ்கியின் சிலையை லுபியாங்கா சதுக்கத்திலிருந்து கிரேன் வைத்து இறக்கினார்கள். சிலை போனது, அங்கே இருந்த ரகசியப் போலீஸ் தலைமையகக் கட்டடம் அப்படியே நின்றது. அதற்குள் இருந்த காகிதமும் பெரும்பாலும் பூட்டிலேயே இருந்துவிட்டது. சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி போய், அதன் வாரிசாக எஃப்எஸ்பி வந்து அதே கட்டடத்தில் உட்கார்ந்தது. ஸ்டாலின் காலப் பலிகளின் பெயர்களைத் திரட்டி வந்த மெமோரியல் அமைப்பை மூட 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 செப்டம்பரில், ரஷ்ய வெளிநாட்டு உளவு நிறுவனத்தின் வாசலில் ஜெர்ஜின்ஸ்கி புதுச் சிலையாக மறுபடி எழுந்து நின்றார்.

வேறு கண்டத்தில் பராகுவே இருக்கிறது. அங்கே மார்ட்டின் அல்மாடா என்ற பள்ளி ஆசிரியரைச் சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னரின் போலீஸ் சித்திரவதை செய்தது. அவர் அலறலைத் தொலைபேசியில் அவர் மனைவியைக் கேட்க வைத்தார்கள். அந்த அதிர்ச்சியிலேயே அந்த அம்மா இறந்துபோனார். சர்வாதிகாரம் ஒழிந்த பின் 1992-ல் வந்த புது அரசியல் சட்டம், தன்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் தகவலைப் பார்க்கும் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுத்தது. அல்மாடா தன் கோப்பைக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அந்த வருஷம் டிசம்பர் 22 அன்று ஒரு நீதிபதியோடு தலைநகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனார். கட்டுக்கட்டாகக் காகிதம் கிடைத்தது. தென் அமெரிக்காவின் ராணுவ அரசுகள் ஒன்றுசேர்ந்து ஆட்களை வேட்டையாடிய 'காண்டோர்' நடவடிக்கைக்கு ஆதாரம் அதில் இருந்தது. ஒரு மனிதன் தன் கோப்பைக் கேட்டான், ஒரு கண்டத்தின் குற்றம் வெளியே வந்தது.

உங்களில் யாராவது பெர்லின் போனால் தயவுசெய்து ஸ்டாசி தலைமையகம் இருந்த லிக்டன்பெர்க் பகுதிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். யு5 ரயிலில் மக்டலேனன் தெரு நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். முதல் கட்டடத்தில் மீல்கேயின் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுப்பார்கள். அதோடு திரும்பிவிடாமல் அதே வளாகத்தில் கோப்புகள் இருக்கும் பக்கமும் போங்கள். 2021-லிருந்து அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. மனுக்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது மனுப்போடுகிறவர்களில் நிறையப் பேர், இறந்துபோன அப்பா அம்மாவின் கோப்பைத் தேடி வரும் பிள்ளைகள்.

நன்றி. வணக்கம்.